இரண்டு கார்டு, ஒரே 960

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணிக்குப் பக்கத்திலுள்ள கொட்டக்குடிக்கு இறங்கும். ரோப்வே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சரக்கு இறக்கும்? எத்தனை கயிறு, ஒரு கயிறு எவ்வளவு வேகமாகச் சரக்கை இறக்கும், இரண்டையும் பெருக்கினால் தெரிந்துவிடும். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர் போட வேண்டிய முதல் கணக்கும் இதுதான்.

4கே திரையில் 82,94,400 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கண்டாக வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் பாறையின் சொரசொரப்பு, நிழல், தொலைவு என்று நினைவகத்திலிருந்து தரவு வர வேண்டும். கணக்குப் போடும் உறுப்புகள் கார்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. தரவு வரத் தாமதமானால் அத்தனையும் சும்மா நிற்கும்.

இனி இரண்டு போட்டியாளர்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 2022 டிசம்பரில் வந்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080 வந்தது 2025 ஜனவரியில். இரண்டுக்கும் அறிமுக விலை 999 டாலர். முன்னதில் நினைவகத்துக்கு 384 தடங்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 20 ஜிகாபிட். பின்னதில் தடங்கள் 256தான், ஆனால் வேகம் 30. பெருக்கிப் பாருங்கள்: இரண்டுமே 7,680 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 960 ஜிகாபைட். ஒருவர் கயிறுகளைக் கூட்டினார், மற்றவர் வேகத்தைக் கூட்டினார். மின்சாரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, 355 வாட்டும் 360 வாட்டும்.

வித்தியாசம் வெயிலில் இருக்கிறது. ஏலத்தோட்டத்தில் மரக்கிளைகளுக்கு நடுவே சிதறி விழும் ஒளியை அப்படியே காட்ட வேண்டுமானால், கண்ணிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கதிராகத் துரத்த வேண்டும். காட்சியைக் கட்டியிருக்கும் முக்கோணங்களோ லட்சக்கணக்கில். ஆகவே அவற்றைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைக்கிறார்கள். வெளிப்பெட்டியைக் கதிர் தொடவில்லையா, உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒரே அடியில் தள்ளிவிடலாம். 5080இல் இந்தப் பெட்டிகளுக்குள் இறங்கிப் போகும் வேலைக்கென்றே தனிச் சுற்று உண்டு. 7900இல் கதிர் பட்டதா என்று சோதிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. அடுத்து எந்தப் பெட்டி என்ற முடிவைப் பொது உறுப்புகள் எடுக்க வேண்டும். கதிரொளி அதிகமுள்ள விளையாட்டுகளில் அது பின்தங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் 7900இன் கையில் 24 ஜிபி நினைவகம் இருக்கிறது, 5080இல் 16தான். 16 நிரம்பினால் மிச்சத்தைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த வழியின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 64 ஜிகாபைட். 960 எங்கே, 64 எங்கே! விளையாட்டு அங்கங்கே திக்கும்.

360 வாட்டில் மூன்று மணி நேரம் விளையாடினால் கார்டுக்கு மட்டும் ஒரு யூனிட்டுக்கு மேல். அவ்வளவும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வரும். போடியின் சித்திரை வெயிலில் அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். கொழுக்குமலைக்குத் தூக்கிப்போனால்? 2,000 மீட்டருக்கு மேலே காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், விசிறி அள்ளும் காற்றும் குறையும். இருந்தாலும் மலைக்குளிர்தான் ஜெயிக்கும்.

என் ஓட்டு 5080க்கு. பெரிய மாட்களை (விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் தொகுப்புகளை) நிரப்பி விளையாடுகிறவருக்கு மட்டும் 7900. வீட்டில் இருப்பது 1080 திரை என்றால் புள்ளிகள் 20,73,600தான், 4கேயில் சரியாகக் கால்வாசி. அங்கே பல விளையாட்டுகளில் இரண்டு கார்டும் பிராசசருக்காகக் காத்துக்கிடக்கும். அவர் முதலில் திரையை மாற்றட்டும்.