இரண்டு வடிவம், ஓர் எழுத்து

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் லானெலி என்றோர் ஊர் உண்டு. ஆங்கிலேயர் எண்ணினால் அந்தப் பெயரில் எட்டு எழுத்துகள். வெல்ஷ் மொழியினர் எண்ணினால் ஆறு. இருவர் கணக்கும் சரிதான். பெயரில் இரண்டு இடங்களில் 'எல்' இரட்டித்து வருகிறது. வெல்ஷ் மொழியில் இரட்டை எல் தனியோர் எழுத்து. லகரம் சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் அதன் ஓரங்கள் வழியே காற்றை மட்டும் விட்டால் அதன் ஒலி பிறக்கும்.

லத்தீன் மொழிக்கென அமைந்த வரிவடிவத்தைப் பல மொழிகள் கடன் வாங்கின. அதில் இடமில்லாத ஒலிகளுக்குச் சில மொழிகள் எழுத்தின் மேல் குறியிட்டன. சில, இருக்கும் வடிவங்களை இணைத்தன. வெல்ஷ் நெடுங்கணக்கின் 29 எழுத்துகளில் எட்டு இப்படிப் பிறந்தவை. குறுக்கெழுத்துப் புதிரில் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டம். அகராதியில் எல் வரிசை முழுவதும் முடிந்த பிறகே இரட்டை எல் தொடங்கும்.

இரண்டு வடிவங்கள் சேர்ந்து ஓர் ஒலியைத் தருவதால் மட்டும் அவை ஓர் எழுத்தாகிவிடுவதில்லை. 'காஃபி' என்று எழுதும்போது ஆய்தமும் பகரமும் கூடி ஓர் ஒலியைத் தருகின்றன. ஆனாலும் அந்த இணையை நாம் தனி எழுத்தாக நெடுங்கணக்கில் சேர்ப்பதில்லை. செர்பிய மொழியிலோ 'ல்ய' ஒலிக்குச் சிரிலிக் வரிவடிவில் ஒற்றை வடிவம், லத்தீன் வரிவடிவில் இரட்டை வடிவம். எப்படி எழுதினாலும் அது ஓர் எழுத்தே.

கணினிக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. வெல்ஷில் 'என்', 'ஜி' சேர்ந்து ஙகர ஒலி தரும் ஓர் எழுத்து. ஆனால் பாங்கர் என்ற ஊர்ப்பெயரில் அதே இரண்டும் தனித்தனி எழுத்துகள். சொல்லை அறிந்தவருக்கே வேறுபாடு தெரியும். இத்தகைய இடங்களில் இரண்டையும் பிரித்து வரிசைப்படுத்த உதவும், கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று யூனிகோடில் உண்டு.

ஸ்பானிய மொழியிலும் 'சி', 'ஹெச்' இணையும் இரட்டை எல்லும் நெடுங்காலம் தனி எழுத்துகளாக இருந்தன. 1994இல் மொழிக் கழகங்கள் கூடி, அகராதியில் அவற்றுக்கிருந்த தனி வரிசையை நீக்கின. 2010இல் நெடுங்கணக்கிலிருந்தே அவை விலக, எழுத்துகள் 27 ஆயின. எந்தச் சொல்லின் ஒலிப்பும் மாறவில்லை, எழுதும் முறையும் மாறவில்லை. எண்ணிக்கை மட்டுமே மாறியது. ஒலியைத் தருவது நாக்கு. எது ஓர் எழுத்து என்று தீர்மானிப்பது அந்த மொழியின் மக்கள்.