தளமும் சுவரும் பிணைந்திருக்கின்றனவா?

2011 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரைப் பூமியதிர்ச்சி உலுக்கியபோது, சி.ரி.வி. கட்டடம் எனப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் சில விநாடிகளுக்குள் இடிந்து வீழ்ந்தது. அந்த அனர்த்தத்தில் மாண்ட 185 பேரில் 115 பேர் இந்த ஒரே கட்டடத்தில் உயிரிழந்தவர்கள். தளங்கள் ஒன்றன்மேலொன்றாகச் சரிந்துவிட, மின்தூக்கியையும் படிக்கட்டையும் சூழ்ந்திருந்த வடபுறச் சுவர்த்தொகுதி மட்டும் தனித்து நின்றது. தளங்களையும் அச்சுவர்களையும் பிணைத்திருந்தது எது என்ற வினா அப்போது எழுந்தது.

மாடிக் கட்டடமொன்றில் தளம் என்பது மனிதரையும் தளபாடங்களையும் தாங்குவதற்கு மட்டும் உரியதன்று. பூமியதிர்ச்சியோ காற்றோ கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அவ்விசையைத் தூண்களுக்கும் சுவர்களுக்கும் பகிர்ந்தளிப்பதும் தளமே. கொங்கிறீட் தளம் தன் மட்டத்தில் வளைந்துகொடுப்பது மிகக் குறைவு. ஆகவே அதனை முற்றிலும் விறைப்பான ஒரு தகடாகக் கொண்டு கணிப்பது பொறியியலாளர்களின் நீண்டகால வழக்கமாகும். அத்தகைய தகடு நீளப்பக்கமாக நகரலாம், அகலப்பக்கமாக நகரலாம், சுழலலாம். தன் மட்டத்தில் அதற்கு வேறு அசைவு இல்லை. பத்து மாடிகளும் மாடிக்கு முப்பது தூண்களும் கொண்ட கட்டடத்தில், கிடையான அசைவுகளுக்குரிய 900 தெரியாக்கணியங்கள் இந்த எடுகோளினால் 30 ஆகக் குறைந்துவிடுகின்றன. கணினிகளின் ஆற்றல் குறைவாக இருந்த 1970 களில் இது பெரும் வரப்பிரசாதமாக அமைந்தது.

எனினும் இச்சலுகைக்கு ஒரு விலை உண்டு. விறைப்பான தகட்டில் இரு புள்ளிகளுக்கிடையிலான தூரம் மாறுவதில்லை. எனவே அதனோடு பிணைந்த பீம்களில் இழுவிசையோ அமுக்கவிசையோ இருப்பதாகக் கணினி காட்டாது. தளம் சுவரோடு சேருமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அதனிடமிருந்து வராது. அந்த இணைப்பு ஒருபோதும் அறாது என்றே நாம் அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

சி.ரி.வி. கட்டடத்தில் தளங்களுக்கும் வடபுறச் சுவர்களுக்கும் இடையிலான இணைப்பு போதாதென்பது 1990 இல் நடைபெற்ற பரிசீலனையிலேயே கண்டறியப்பட்டிருந்தது. 1991 இல் உருக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. ஆனால் எல்லாத் தளங்களிலும் அல்ல. இடிவை விசாரித்த றோயல் ஆணைக்குழு, தூண்களினதும் மூட்டுக்களினதும் பலவீனத்தோடு இக்குறைபாட்டையும் சுட்டிக்காட்டியது.

தளத்தை விறைப்பானதாகக் கொள்வதற்கு அமெரிக்க விதிக்கோவை வரம்பு வகுத்துள்ளது. தாங்கும் சுவர்களுக்கிடையே கொங்கிறீட் தளம் கடக்கும் தூரம் அதன் அகலத்தின் மூன்று மடங்கை விஞ்சாமலும், அமைப்பில் ஒழுங்கீனம் இல்லாமலும் இருக்க வேண்டும். ஆனால் இவ்வரம்புக்குள் இருப்பது மட்டும் இணைப்பு வலிமையானது என்பதற்குச் சான்றாகாது.

எடுகோளைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. தளத்திலிருந்து சுவருக்குச் செல்லும் விசை தனியாகக் கணிக்கப்பட்டதா, அதற்குப் போதிய கம்பிகள் இடப்பட்டுள்ளனவா என்று வரைபடங்களை அங்கீகரிப்போர் வினவ வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அதற்கு விடை பெறப்படாமல் எந்த மாடிக் கட்டடமும் எழுப்பப்படலாகாது.