இலவச இடமும் இரவல் பெயரும்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லம் திரும்பியபோது, ஒரு குடும்பத்தினர் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தனர். கணவர், மனைவி, கல்லூரியில் கணினி பயிலும் மகன் என மூவர். திருப்பூரின் ஒரு சந்தில், வாடகைக் கட்டிடத்தில், எட்டுத் தையல் இயந்திரங்களுடன் பவர்டேபிள் நடத்தி வருபவர்கள். முன்னர்ப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து வந்தவர்கள், சில ஆண்டுகளாகக் குழந்தைகளின் உள்ளாடைகளைத் தாமே தயாரித்து வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பி வருகின்றனர்.

கணவர் தம் விசிட்டிங் கார்டை மேசைமேல் வைத்தார். அதன் அடியில் அச்சிடப்பட்டிருந்த இணையதள முகவரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. மகன் பள்ளியில் படிக்கையில், இலவசமாக இடம் தரும் ஒரு நிறுவனத்தின் வழியே அமைத்துக் கொடுத்த தளம் அது. அந்நிறுவனம் தன் இலவசச் சேவையை நிறுத்திவிட்டது. கார்டு, பில் புத்தகம், அட்டைப்பெட்டி அனைத்திலும் அச்சிட்டிருந்த முகவரி ஒரே நாளில் பயனற்றதாயிற்று. இரண்டாயிரம் அட்டைப்பெட்டிகள் மூலையில் கிடக்கின்றன என்று மனைவி வருந்தினார்.

இனிப் பணம் கட்டியே தளம் வைக்க வேண்டும் என்பது மகனின் கருத்து. தந்தையோ, "சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குங்க சாமி காசு குடுக்கணும்? வேற பக்கம் இலவசமா ஒண்ணு போட்டுக்கலாமுங்க" என்றார். இதன்பொருட்டு நான்கு நாள்களாக வீட்டில் இருவருக்கும் பேச்சு இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்று வழக்கு நம்மிடம் வந்தது.

நாம் இத்துறையில் தேர்ந்தவரல்லோம். எனினும் பட்டு அறிந்தது சிறிது உண்டு. நம் தொழில் நகரில் இவ்வினா பல இல்லங்களில் எழுவதால், அன்று அவர்களிடம் உரைத்ததை இங்கு விரித்து எழுதுகிறோம்.

ஓர் இணையதளத்துக்கு வேண்டியவை இரண்டு. முதலாவது, இடம். நம் படங்களும் விவரங்களும் இரவு பகல் ஓயாது இயங்கும் ஏதேனும் ஒரு கணினியில் இருந்தாக வேண்டும். அவ்விடத்தைத் தருவதையே 'ஹோஸ்டிங்' என்கின்றனர். இரண்டாவது, பெயர். எந்தப் பெயரைத் தட்டினால் நம் பக்கம் திறக்குமோ அதுவே 'டொமைன்' எனப்படும். இடம் குடோனைப் போன்றது. பெயர் வாசலில் மாட்டும் பலகையைப் போன்றது. இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை அறியாமையே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

இலவசமாக இடம் தருவோர், வழக்கமாகத் தம் நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் நம் பெயரை ஒட்டவைத்து முகவரி தருகின்றனர். சிலர் நம் பக்கத்தில் தம் விளம்பரங்களையும் இடுவர். விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். முகவரி அவர்களுடையது என்பதே கவனிக்கத்தக்கது. அவர்கள் கடையை மூடினால் நம் பலகையும் உடன் இறங்கிவிடும்.

இது வெறும் அச்சமன்று. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம், உலக மக்களுக்கு இலவசமாக இடம் அளித்தது. பேட்டைகளாகப் பிரித்து, வீட்டு எண்ணைப் போல ஆளுக்கோர் எண்ணும் கொடுத்தது. 1999இல் யாஹூ நிறுவனம் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபர் 26ஆம் நாள் அது மூடப்பட்டபோது இலட்சக்கணக்கானோரின் பக்கங்கள் தம் முகவரிகளை இழந்தன. ஆர்வலர் சிலர் முன்வந்து நகலெடுத்த அளவே எஞ்சிற்று.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம், சிறுதொழில் செய்வோர் தம் கைபேசியிலிருந்தே இலவசமாகத் தளம் அமைக்கும் வசதியைத் தந்தது. 2024 மார்ச்சு மாதத்தில் அத்தளங்கள் நிறுத்தப்பட்டன. தேடி வந்தோர் அவ்வாண்டு ஜூன் 10 வரை மட்டும், அந்நிறுவனத்திடமுள்ள தொழில் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டனர். ஆனால் சொந்தமாகப் பெயர் வாங்கி அதனோடு இணைத்திருந்தவர்கள், அதே பெயரை வேறோர் இடத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது. இடம் போயிற்று, முகவரி நிலைத்தது.

அப்படியாயின் பெயரையும் இலவசமாகப் பெறலாமே என்பர் சிலர். ஃப்ரீனோம் என்னும் நிறுவனம் அதனையும் செய்து பார்த்தது. டோக்கெலாவ் தீவுகளுக்குரிய 'டாட் டிகே' முதலியவற்றில் முடியும் பெயர்களைக் காசில்லாமல் வழங்கியது. ஆனால் அப்பெயர்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பெற்றவருக்குப் பயன்படுத்தும் வசதி மட்டுமே இருந்தது. மோசடிக்காரர் பலர் அவற்றைப் பயன்படுத்தியதால், மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024இல் ஃப்ரீனோம் அத்தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

பெயரின் அருமையைத் திருப்பூர் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூல் இங்கே துணியாகிறது; சாயம் ஏறுகிறது; கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் யாவும் நம் சகோதர சகோதரிகளின் கைகளால் நடைபெறுகின்றன. இறுதியில் கழுத்தில் ஏறுவதோ கடல் கடந்த நாட்டு நிறுவனத்தின் லேபிள். அணிபவர் அந்தப் பெயரையே அறிவார். மறுமுறையும் அதையே தேடுவார். பல ஆண்டுகள் பிறர் லேபிளுக்கு உழைத்த ஒரு குடும்பம், தன் சொந்தச் சரக்குக்கும் பிறர் பெயரில் முகவரி வைக்கலாமா? இதுவே நாம் அத்தந்தையிடம் கேட்ட கேள்வி. அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

ஆகவே நம் கருத்து இது: இடம் இலவசமாக இருக்கலாம், பெயர் இரவலாக இருத்தலாகாது. 'டாட் இன்' என முடியும் பெயர்கள் 2005 முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும். ஒரே தடவையில் பத்து ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளலாம். அப்பெயரை, பிளாக்கர் போன்ற இலவசச் சேவையோடு இணைத்தும் பயன்படுத்த இயலும். பத்துப் படங்களும் ஒரு தொலைபேசி எண்ணும் காட்டப் போகும் சிறு தொழிலுக்கு இதுவே போதும். ஆர்டர் எடுத்துப் பணம் வாங்குவது, நிறுவனப் பெயரிலேயே பல மின்னஞ்சல்கள் வைப்பது போன்ற தேவைகள் எழும்போது இடத்துக்கும் பணம் கட்டலாம். மாணவர் பயிற்சிக்கும், ஒரு நாள் விழா அறிவிப்புக்கும் முழு இலவசமே சாலும். கோபுரம் கட்டப் புகுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிட்டவனின் உவமையை நாம் அறிவோமன்றோ!

எனினும் பணம் கட்டியதாலேயே எல்லாம் காப்பாற்றப்படும் என எண்ணுதல் தவறு. இதற்குச் சான்று நம் பங்குதான். ஆலய வெள்ளிவிழாவை ஒட்டி இளைஞர்கள் பணம் கட்டியே தளம் அமைத்தனர். யாவும் ஓர் இளைஞரின் மின்னஞ்சலில் பதிவாயின. அவர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றபின், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களைத் திறப்பார் இல்லை. பெயரும் போயிற்று, படங்களும் போயின. வேறு நகல் எவரிடமும் இல்லை. தம் மறைந்த கணவர் சப்பரம் சுமந்து வரும் படத்தைக் கேட்டு ஒரு மூதாட்டி வந்தார். "அதுல இருந்துச்சுங்களே சாமி" என்று அவர் நின்றபோது, நம்மிடம் மறுமொழி இல்லை. பிழை அவ்விளைஞருடையதன்று, கேட்டு வைத்துக்கொள்ளாத நம்முடையது.

எனவே பெயரைக் குடும்பத்தார் பெயரிலேயே பதியுங்கள். தளம் அமைத்துத் தருபவர் பெயரில் வேண்டாம். கடவுச்சொல் வீட்டில் இருக்கட்டும். முதலாண்டுக் கட்டணம் மலிவென்று மயங்காமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். படங்களின் நகலைத் தனியே வைத்திருங்கள். புதுப்பிக்கும் நாளை மின்கட்டண நாளோடு சேர்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டு வாரங்கள் சென்று, வீடு சந்திப்பின்போது அவ்வில்லத்துக்குச் சென்றோம். பெயரைத் தாயின் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு வாங்கியிருந்தனர். இடம் இன்னும் இலவசமே, தந்தைக்கும் மனநிறைவு. புது முகவரி அச்சிட்ட ஸ்டிக்கர்களை, அந்த இரண்டாயிரம் அட்டைப்பெட்டிகளில் பழைய முகவரியின்மேல் தந்தையும் மகனும் எதிரெதிரே அமர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தனர்.

"இனி எந்தக் குடோனுக்கு மாறினாலும் ஸ்டிக்கர மாத்த வேண்டியதில்லைங்க சாமி" என்றார் தந்தை, தலைநிமிராமலே. மகன் அடுத்த பெட்டியை அவரிடம் நகர்த்தினான்.