துலங்குபொருள்: ஒரு கலைச்சொல்லின் தகுதி

தூண்டல், துலங்கல் என்னும் இரு சொற்களைத் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிவியல் பாடத்தில் கற்கின்றனர். தொட்டாற்சுருங்கியைத் தொடுதல் தூண்டல். அதன் இலை மடங்குதல் துலங்கல். ஆறாம் ஆண்டுக்குப்பின் அறிவியல் மலாய்மொழிக்கு மாறுகிறது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபின், சில தமிழ்ப்பள்ளிகளில் அதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. புதிய அறிவியலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பது இதற்குச் சிலர் கூறும் காரணம். அக்கூற்றை ஒரு துறையில் மட்டும் சோதித்துப் பார்ப்போம்.

உயிரற்ற பொருளும் துலங்குமோ எனின், துலங்கும். 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மோரின் என்னும் அறிஞர், சில உலோக ஆக்சைடுகள் குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரெனத் தன்மை மாறுவதை வெளியிட்டார். அவற்றுள் வனேடியம் டைஆக்சைடு 68 பாகை செல்சியசுக்குக் கீழே மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். வெப்பத்தைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடும். அவ்வெல்லையைக் கடந்ததும் உலோகம்போல் நடந்து அக்கதிரைத் தடுக்கும். குளிர்ந்தால் பழைய நிலைக்கே மீளும். சிறிதளவு டங்ஸ்டன் கலந்தால் இவ்வெல்லை அறை வெப்பநிலையை நெருங்கி இறங்குகிறது.

இதைச் சன்னற் கண்ணாடியில் பூச முற்படும்போதுதான் அளவு முதன்மை பெறுகிறது. ஒரு மீட்டரை 100 கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். துகள்கள் அதனினும் மிகச் சிறியனவாயின், சில பத்து நானோமீட்டரே இருப்பின், ஒளியை அவை சிதறடிப்பது மிகக் குறைவு; கண்ணாடி தெளிவாக இருக்கும். பெரியனவாயின் பூச்சு மங்கிப்போகும்.

செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சின் ஓரத்தில் இன்று கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றினுள் குளிரூட்டி ஓயாது இயங்குகிறது. அங்கு இப்பூச்சு பயன்படுமா? குளிர்காலமும் கோடைக்காலமும் உள்ள நாடுகளுக்கே இது பெரிதும் பொருந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் வெயில். வெப்பக்கதிரை எப்போதும் தடுக்கும் எளிய பூச்சே போதும். நமக்கு ஏற்றது மற்றொன்று. டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தில் சிறு மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் புகுந்து அது நீலமாகும். மின்னழுத்தத்தைத் திசைமாற்றினால் தெளியும். நிறம் மாறும் பொழுதில்தான் அதற்கு மின்சாரம் பெரிதும் தேவை. பிற்பகல் மழைமேகம் சூழும்போது தெளிந்து, வெயில் எறிக்கும்போது கறுக்கலாம்.

இவற்றை 'அறிவார்ந்த பொருள்' என்றும் 'விவேகப் பொருள்' என்றும் எழுதுகின்றனர். கண்ணாடிக்கு விவேகம் ஏது? ஆங்கில அடைமொழியின் மிகையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. 'துலங்குபொருள்' என்பது வினைத்தொகை. துலங்கிய, துலங்குகின்ற, துலங்கும் என முக்காலமும் கொள்ளும். மாறுவதும் மீள்வதும் மீண்டும் மாறுவதுமான பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எது? வனேடியப் பூச்சுடையது வெப்பத்துலங்கு கண்ணாடி. டங்ஸ்டன் படலமுடையது மின்துலங்கு கண்ணாடி.

ஒரு தடை எழலாம். துலங்குதல் என்றால் ஒளிர்தல், விளங்குதல். அதன் பிறவினையே பல் துலக்குவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் உள்ளது. கறுக்கும் கண்ணாடியைத் துலங்குகிறது எனலாமா? தடை நியாயமானதே. ஆனால் சுருங்கும் இலையைத் துலங்குகிறது என்று நம் பாடநூல் முன்பே ஏற்றுக்கொண்டது. எந்தச் சிறுவனும் அதனால் குழம்பவில்லை. தூண்டல் என்னும் இணை அருகில் இருக்கும்வரை பொருள் மயங்காது.

'நானோ' என்பதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டா என்பேன். 'நுண்' என்பதை நுண்ணுயிரும் நுண்ணோக்கியும் எடுத்துக்கொண்டன; அவை குறிக்கும் அளவு நானோவினும் ஆயிரம் மடங்கு பெரிது. சிலர் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி 'நேனோ' என்று எழுதுகின்றனர். கிரேக்கத்தில் குள்ளனைக் குறித்த சொல்லிலிருந்து வந்த இது மலாயிலும் 'நானோ' என்றே ஒலிக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் அங்கும் அதே ஒலியைக் கேட்பர்.