படகைத் தூக்கும் வளையங்கள்

நீரில் மிதக்கும் படகின் பாரத்தைக் கடலானது அதன் அடிப்புறம் முழுவதிலும் பரவலாகத் தாங்கி நிற்கின்றது. அதே படகைப் பாரந்தூக்கியின் கொழுக்கியில் மாட்டி உயர்த்தும்போதோ, அத்தனை பாரமும் உள்ளங்கையளவேயான இரண்டு மூன்று இடங்களில் வந்து குவிகின்றது. எமது வடகரையிலே சிறிய பைபர் படகுகளைப் பலர் கூடிக் கையாலும் தோளாலும் கரையேற்றுதல் நெடுநாள் வழக்கம். பாரந்தூக்கி வாய்க்குமிடத்தில், "வளையம் இருக்கிறது, கயிற்றை மாட்டு" என்று துணிந்துவிடுவோர் உளர். அவ்வளையம் எதற்காக வைக்கப்பட்டது என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

அணியத்திலே காணப்படும் வளையம் பெரும்பாலும் படகை இழுத்துச் செல்வதற்கும், வண்டியில் ஏற்றுகையில் முன்னோக்கி இழுப்பதற்கும் உரியது. விளிம்பிலே கயிறு சுற்றும் கட்டைகள், துறையில் படகைக் கட்டிவைப்பதற்கானவை. அவை கிடையான இழுவைக்கென்றே பொருத்தப்பட்டவை. மேல்நோக்கி இழுத்தால் திருகாணியோடு பெயர்ந்து வரவும் கூடும். தூக்குவதற்கென அமைந்த வளையத்தின் மரையாணி படகின் உடலை ஊடுருவிச் செல்லும். உட்புறத்திலே அகன்றதோர் உலோகத் தகடு அதன் பாரத்தைப் பரப்பி ஏற்கும். ஆகவே வளையத்தின் வலிமையை அறிய விரும்புவோர் வெளியே பார்த்துப் பயனில்லை. படகினுள்ளே குனிந்து பார்த்தல் வேண்டும்.

பார்த்தாலும் போதாத ஓர் இடம் உண்டு. துருப்பிடியா உருக்கு என்று நாம் நம்பும் உலோகத்தைக் காப்பது, ஒட்சிசனால் அதன்மேல் உண்டாகும் மெல்லிய படலமே. படகின் உடலினுள்ளே புதைந்த பகுதியில் உப்புநீர் கசிந்து தேங்கி, ஒட்சிசன் எட்டாது போகுமாயின், அப்படலம் அழிந்து உலோகம் அரிக்கப்படும். வெளியே பளபளக்கும் மரையாணி உள்ளே பாதியாய்த் தேய்ந்திருக்கக்கூடும். பைபர் படைகளுக்கிடையே வைத்த பலகையும் இவ்வாறே நனைந்து உக்கிவிடும். வளையத்தைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்போ, துருக்கறையோ, ஈரமோ தென்படின், மரையாணியைக் கழற்றிப் பாராது படகைத் தூக்கலாகாது.

அடுத்தது கோணம். மாணவர்கள் பரீட்சையில் "இலேசான நீளா இழை" ஒன்றிலே பாரத்தைத் தொங்கவிட்டு இழுவையைக் கணிப்பார்கள். அக்கணக்கிற்கு உயிருள்ள பயன் இங்கேதான் இருக்கின்றது. இயந்திரத்தோடு 800 கிலோ நிறையுள்ள படகொன்றை, சம நீளமான இரு கயிறுகளால் தூக்குவதாகக் கொள்வோம். கயிறுகள் நிலைக்குத்தாக இருப்பின் ஒவ்வொன்றும் 400 கிலோ பாரத்தைத் தாங்கும். இரண்டுக்குமிடைக் கோணம் 60 பாகையாயின் அது ஏறத்தாழ 462; 90 பாகையில் 566; 120 பாகையிலோ முழுமையாக 800! கயிற்றைக் குட்டையாக்கிக் கோணத்தை 150 பாகையாக விரித்தால், ஒவ்வொரு வளையமும் 1,500 கிலோவுக்கு மேலான இழுவைக்கு ஆளாகும். அன்றியும், வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட, படகின் உடல் நெரிபடும். வளையத்தைச் சரிவாக இழுக்கும்போது அதன் தாங்குதிறனும் வெகுவாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு கயிறும் வளையங்களுக்கிடையேயுள்ள தூரத்துக்குக் குறையாத நீளமுடையதாய் இருந்தால், இடைக்கோணம் 60 பாகையைத் தாண்டாது. நீளத்திற்கு உயரம் போதாவிடத்து, கயிறுகளை அகற்றிப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் வேண்டும்.

வெளியிணைப்பு இயந்திரம் பின்புறத்தில் இருத்தலால் புவியீர்ப்பு மையமும் பின்தள்ளியே நிற்கும். கொழுக்கி அம்மையத்திற்கு நேர்மேலே அமையாவிடின் படகு ஒருபுறம் சரியும். பின்வளையங்களே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. தேங்கிய நீரை முன்னரே இறைத்துவிடுக. 200 லீற்றர் நீர் 200 கிலோ. அந்நீர் ஒருபக்கமாக ஓடிப் படகைக் கவிழ்க்கவும் வல்லது.

முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி, வளையங்களையும் முடிச்சுகளையும் பார்த்தபின்பே மேலே உயர்த்துதல் வேண்டும். திடீரென இழுத்தலும் சடுதியாக நிறுத்துதலும் பாரத்தைப் பன்மடங்காக்கும். இரு முனைகளிலும் கயிறு கட்டித் தூரத்தில் நின்று படகைத் திருப்பலாம். கீழே எவரும் நிற்றலாகாது. உள்ளே எவரும் இருத்தலாகாது. வேடிக்கை பார்க்க ஓடிவரும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே ஒருவரை வைத்தால் நன்று.

மனிதரோடு தூக்குவதற்கென்றே கொழுக்கிகள் பொருத்தப்பட்ட பெருங்கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளிலேயே, பயிற்சி வேளைகளில் கொழுக்கி விடுபட்டுக் கடலோடிகள் பலர் மாண்டிருக்கின்றனர். 2011ஆம் ஆண்டில் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் இதற்கான விதிகளைக் கடுமையாக்கிற்று. தகுதியற்ற கொழுக்கிகளை 2019 யூலை 1ஆம் தேதிக்குள் மாற்றிவிட வேண்டுமென்று வரையறுத்தது.

வளையத்தில் சிறிதேனும் ஐயமிருப்பின் அதை விட்டுவிட்டு, அகன்ற பட்டிகள் இரண்டைப் படகின் அடியால் செலுத்தித் தூக்கலாம். அவை அணியத்தின் சரிவிலே வழுக்கி ஓடாதபடி, இரண்டையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கட்டுதல் வேண்டும். பின்பட்டி இயந்திரத்தின் சுழலியிலோ தண்டிலோ படாதிருக்கின்றதா என்பதையும் தூக்குமுன் பார்த்துக்கொள்க.