ரேடாருக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் சரியாகத் தெரியாதது ஏன்?

மலைப்பகுதியில் நிலச்சரிவு. மீட்புக்குப் போகும் ஹெலிகாப்டரில் நீங்கள் இருக்கிறீர்கள். முன்னால் வெறும் மேகம். 'அதான் ரேடார் இருக்கே' என்று தோன்றும். மேகத்தை அது ஊடுருவும்தான். ஆனால் அரை மீட்டர் ஆன்டெனாவும் 3 செ.மீ. அலைநீளமும் கொண்ட ரேடாரின் கற்றை, 5 கி.மீ. தொலைவில் சுமார் 300 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். பாறை எது, பள்ளத்தாக்கு எதுன்னு பிரித்துக் காட்டாது.

நிசார் மட்டும் எப்படித் துல்லியமாகப் படம் எடுக்கிறது?

2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் பயன்படுத்துவது 'சார்' என்ற முறை. எதிரொலி திரும்பும் நேரம் தூரத்தைச் சொல்லும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சைரன் ஒலி மாறுமே, அந்த டாப்ளர் மாற்றம் திசையைச் சொல்லும். ஆனால் இதற்குப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

முன்னால் பார்த்தால் என்ன சிக்கல்?

இரண்டு சிக்கல்கள். நேர்கோட்டிலிருந்து இடப்பக்கம் 5 டிகிரியில் உள்ள பாறையும் வலப்பக்கம் 5 டிகிரியில் உள்ள வீடும் ஒரே தூரத்தில் இருந்தால், டாப்ளரும் ஒன்றே. எது எந்தப் பக்கம்னு தெரியாது. அடுத்து, நேர் முன்னாலிருந்து 5 டிகிரி விலகினாலும் டாப்ளர் வெறும் 0.4% தான் மாறும். பக்கவாட்டில் அதே 5 டிகிரிக்குக் கிடைக்கும் மாற்றம் இதைப்போல 20 மடங்குக்கும் மேல்.

இரண்டு விமானங்கள் இருந்தால்?

அலையை அனுப்பும் வேலையை, பக்கவாட்டில் பறக்கும் இன்னொரு விமானத்திடம் கொடுத்துவிடலாம். நீங்கள் எதிரொலியை வாங்கினால் போதும். இப்போது டாப்ளரில் இரு விமானங்களின் வேகமும் சேரும். அந்த விமானத்திலிருந்து பார்த்தால் பாறையும் வீடும் வேறு வேறு கோணத்தில் இருப்பதால், இடது வலது குழப்பம் தீரும்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் டெராசார்-எக்ஸ் செயற்கைக்கோளை அனுப்பியாகவும், விமானத்திலிருந்த பாமிர் ரேடாரை வாங்கியாகவும் வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது.

அப்புறம் ஏன் எல்லா ஹெலிகாப்டரிலும் இல்லை?

இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நானோ விநாடி பிசகினாலே அலையின் பாதைக் கணக்கு 30 செ.மீ. தவறும், அலைநீளமோ 3 செ.மீ. தான். தவிர, மீட்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் துணைக்கு இன்னொரு விமானம் சரியான கோணத்தில் பறக்க வேண்டும். அந்தத் துணையை ட்ரோனோ செயற்கைக்கோளோ தர முடிந்தால், மேகத்துக்குள் போகும் விமானிக்கு முன்பாதை தெரியும்.