நேதாஜியைச் சுமந்த நீர்மூழ்கி

வில்லியனூர்த் தேரைப் பார்த்திருப்பீர்கள். பாகூர் ஏரிக்கரையில் காற்று வாங்கியிருப்பீர்கள். இவ்வூர்கள் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தவை. 1940-ஆம் ஆண்டு ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. செப்டம்பரில் புதுச்சேரி, ஹிட்லரை எதிர்த்து நின்ற தளபதி டிகாலின் பக்கம் சேர்ந்துகொண்டது. பிரான்சிலுள்ள போர்தோ துறைமுகமோ எதிரியின் நீர்மூழ்கித் தளமாயிற்று! அங்கிருந்து கடைசியாகப் புறப்பட்டு, திரும்பாமலே போன ஒரு நீர்மூழ்கியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதன் பெயர் யூ-180.

1943 பிப்ரவரி 9. ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் அந்தக் கப்பலில் ரகசியமாக ஏறியவர் யார் தெரியுமா? நம் சுபாஷ் சந்திர போஸ்! மனைவி எமிலியையும், மூன்று மாதம்கூட நிறையாத குழந்தை அனிதாவையும் விட்டுவிட்டு வந்திருந்தார். துணைக்கு ஹைதராபாத் இளைஞர் ஆபித் ஹஸன் ஒருவரே.

காற்றோட்டமில்லாத இடம், எங்கும் டீசல் நாற்றம். ரொட்டியிலும் அதே வாசனை! ஹஸன் எங்கேயோ அரிசியும் பருப்பும் தேடிப் பிடித்துப் பொங்கிப் போட்டார். நேதாஜி அதை ஜெர்மானிய அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளித்தாராம். 'இருப்பது தீர்ந்துவிடுமே!' என்று ஹஸனுக்குக் கவலை. நம் வீட்டுச் சமையலறைக் கவலைதான், இல்லையா?

வழியில் யூ-180 ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. ஏப்ரல் 28-ந் தேதி, மடகாஸ்கருக்கு அருகே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகேறி இருவரும் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-க்கு மாறினார்கள். ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் சேர்ந்தார். அவர் அமைத்த ஜான்சி ராணிப் படையில், மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய நம் தமிழ்ப் பெண்கள் பலர் கேப்டன் லட்சுமியின் கீழ் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அவரைச் சுமந்த கப்பல்கள் என்னவாயின? ஐ-29-ஐ 1944 ஜூலை 26-ல், பிலிப்பைன்ஸ் அருகே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று தகர்த்தது. யூ-180, போர் ஆயுதங்களைக் களைந்து சரக்குக் கப்பலாகி, அதே ஆகஸ்ட் 20-ல் போர்தோவிலிருந்து ஜப்பானை நோக்கிக் கிளம்பியது. சில நாட்களிலேயே பிஸ்கே வளைகுடாவில் மறைந்தது. கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்பது நிபுணர்கள் கணிப்பு. இருந்த 56 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஹிட்லரின் யுத்தத்துக்காகப் போனவர்கள்தாம். ஆனாலும் சகோதரிகளே, அந்த 56 வீடுகளிலும் ஒரு தாய் கடிதத்தை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருப்பாள் அல்லவா?